நருட்டோ இன்னும் நம்மில் ஒருவன்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மசாஷி கிஷிமோட்டோவின் ‘நருட்டோ’ மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, முடிந்து பத்தாண்டு கடந்துவிட்டது. ஒரு வழக்கு மட்டும் ரசிகர்களிடையே தீர்ந்தபாடில்லை. பன்னிரண்டு வயதில் நம் பக்கத்து வீட்டுப் பையனைப் போல் இருந்தவன், மலையைப் பெயர்க்கும் பலம் வந்த பிறகும், ஊர்த் தலைவனான பிறகும், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகும் அதே நெருக்கத்தோடு இருக்கிறானா? இது பற்றி என்னிடம் கேட்கப்பட்டவையும் நானே எனக்குள் கேட்டுக்கொண்டவையும் கீழே.

கதை தெரியாதவர்கள் இதைப் படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் முடிவு உட்பட எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவேன், பிறகு திட்டக் கூடாது.

கதை இதுதான். நருட்டோ உசுமாக்கி, கொனோஹா என்ற நிஞ்ஜா ஊரில் தாய் தகப்பன் இல்லாமல் வளர்பவன். அவன் பிறந்த இரவில் ஒன்பது வால் கொண்ட நரியொன்று ஊரைச் சூறையாடியது. ஊர்த் தலைவரான நான்காம் ஹொகாகே தன் உயிரைக் கொடுத்து, அந்த நரியைப் பச்சிளம் குழந்தையின் வயிற்றுக்குள் அடைத்துவைத்தார். ஊர் அந்தக் குழந்தையையே நரியாகப் பார்க்கிறது. ‘அவனோடு சேராதே’ என்று பெற்றோர் பிள்ளைகளைத் தடுக்கிறார்கள். காரணம் அவனுக்குத் தெரியாது. ‘ஒரு நாள் நானே ஹொகாகே ஆவேன், அப்போது எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பீர்கள்’ என்று கத்திக்கொண்டு திரிகிறான். 1999 செப்டம்பரில் ஷோனென் ஜம்ப் வார இதழில் தொடங்கிய கதை, 2014 நவம்பரில் 700ஆம் அத்தியாயத்தோடு முடிந்தது. மொத்தம் 72 தொகுதிகள். சொன்னபடி ஹொகாகேவும் ஆகிவிட்டான்.

வயிற்றில் நரியைச் சுமப்பவன் நமக்கு எப்படி நெருக்கமாவான்?

ஓர் ஊஞ்சலால். முதல் அத்தியாயத்தில் பள்ளித் தேர்வு முடிவு வரும் நாள். தேறிய பிள்ளைகளைப் பெற்றோர் வாசலில் கொண்டாடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு எதிரே, மரக்கிளையில் கட்டிய ஊஞ்சலில் நருட்டோ தனியாக உட்கார்ந்திருக்கிறான். தேறவில்லை. இரண்டு பெண்கள் அவனைக் காட்டிக் கிசுகிசுக்கிறார்கள். கிஷிமோட்டோ அங்கே ஒரு துளிக் கண்ணீரைக்கூட வரையவில்லை. தேர்வு முடிவு வந்த நாளில் வீட்டுக்குப் போக மனமில்லாமல் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அந்த ஊஞ்சல் எத்தனை கனமானது என்று விளக்க வேண்டியதில்லை.

அதே அத்தியாயத்தில் இன்னொன்று நடக்கிறது. ஒருவன் நருட்டோவை ஏமாற்றித் தடை செய்யப்பட்ட சுவடி ஒன்றைத் திருடச் செய்கிறான். நரியைப் பற்றிய உண்மையையும் முகத்துக்கு நேரே போட்டு உடைக்கிறான். அவன் வீசிய பெரிய சக்கரம் நருட்டோமேல் பாயும்போது வகுப்பாசிரியர் இருகா குறுக்கே விழுந்து தன் முதுகில் வாங்கிக்கொள்கிறார். (தமிழில் இந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் ‘இருக்கா?’ என்று யாரோ விசாரிப்பதுபோல் கேட்கிறது. அந்தக் கதைக்கு அது பொருந்தாமலும் இல்லை.) இந்த ஆசிரியரின் பெற்றோரைக் கொன்றதும் அதே நரிதான். கடைசியில் தன் நெற்றிப்பட்டையைக் கழற்றி, ‘கண்ணை மூடு’ என்று சொல்லி, அந்தப் பையனின் நெற்றியில் கட்டிவிடுகிறார். தேர்ச்சி.

அவன் வளர்ந்தான் என்பதை எதை வைத்து அளப்பது?

பலத்தை வைத்து அளந்தால் கணக்கு சீக்கிரம் கையைவிட்டுப் போகும். நான் ஒரே ஒரு வித்தையை வைத்து அளக்கிறேன்: நகல் வித்தை. தன்னைப் போலவே இன்னோர் உருவத்தை உண்டாக்குவது.

முதல் தேர்வில் அவன் தோற்றது அதில்தான். அவன் உண்டாக்கிய நகல் வெளிறிப்போய், நாக்கைத் தள்ளிக்கொண்டு தரையில் துவண்டு கிடக்கும். பார்த்தால் சிரிப்பு வரும். அன்றிரவே திருடிய சுவடியிலிருந்து அதைவிடக் கடினமான வகையைக் கற்றுக்கொள்கிறான். ரசிகர்கள் ‘ஷாடோ குளோன்’ என்று சொல்லும் நிழல் நகல் அது. இருகாவைக் காயப்படுத்தியவனைச் சுற்றி காடு முழுக்க நூற்றுக்கணக்கான நருட்டோக்கள் நிற்கிறார்கள். முதல் தடவை படித்தபோது எனக்கு அது வெறும் வீரக் காட்சி. பிறகுதான் உறைத்தது: துணைக்கு ஒருவரும் இல்லாத பிள்ளைக்கு, தன்னையே துணையாக்கிக்கொள்ளும் வித்தைதான் கைவருகிறது.

இந்த வித்தை கதை நெடுக அவனோடு வளர்கிறது. ‘நகல் கற்பது உன்னிடமே திரும்பி வரும்’ என்று பின்னால் அவன் குரு ககாஷி சொல்லித்தருகிறார். நூறு நகல்களை வைத்துப் பயிற்சி செய்தால் பல நாள் பயிற்சி ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் நூறு பேரின் களைப்பும் சேர்ந்தே வந்து இறங்கும். அந்தக் களைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் சில கேள்விகள் கழித்துத் தேவைப்படும்.

நேஜியோடு நடந்த சண்டையை ஏன் எல்லாரும் உச்சமாகச் சொல்கிறார்கள்?

நேஜி பெரிய குலத்தின் கிளைக் குடும்பத்தில் பிறந்த மேதை. மூத்த கிளைக்கு அடிமைப்பட்ட அடையாளமாக அவன் நெற்றியில் முத்திரை குத்தியிருக்கிறார்கள். அவன் தந்தை இறந்ததும் மூத்த கிளைக்காகத்தான். தலையெழுத்தை மாற்ற முடியாது என்பது அவன் வாதம். நருட்டோ தோற்கப்போகிறான் என்று அரங்கமே நினைக்கும்போது, தரையைப் பிளந்துகொண்டு வந்து அவன் தாடையில் குத்துகிறான். மேலே கிடந்தது நகல். பிறகு சொல்கிறான்: பள்ளித் தேர்வில் மூன்று தடவை தோற்றேன், ஒவ்வொரு தடவையும் அதே நகல் வித்தையில்தான், எனக்கு வராத வித்தையே அதுதான்.

எந்தப் பாடத்தில் கோட்டை விட்டானோ அதே பாடத்தில் ஜெயிக்கிறான். இதைப் படித்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தவர்களில் நானும் ஒருவன். கணக்கு வரவில்லை என்பது வேறு விஷயம்.

பின்னால் அவனே நான்காம் ஹொகாகேவின் மகன் என்று தெரிகிறதே. இது ஏமாற்று இல்லையா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், நியாயமானதும்கூட. பிறப்பு பெரிதில்லை, உழைப்புதான் பெரிது என்று நேஜியிடம் முழங்கியவனுக்கு அப்பா ஊரே கும்பிடும் ஹொகாகே மினாட்டோ. அம்மா குஷினா, உயிர்ச்சக்தி மிகுந்த உசுமாக்கி குலத்தவள். போதாததற்குக் கதை முடிவில் வரும் நிஞ்ஜா உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், நிஞ்ஜா உலகையே தோற்றுவித்த முனிவரின் இளைய மகன் அசுராவின் மறுபிறவி இவன் என்றும் சொல்லிவிடுகிறார்கள். ஓட்டு வீட்டில் வளர்ந்தவன் கடைசியில் ஜமீன் வாரிசு என்று முடியும் பழைய கதைகளை நாம் பார்க்காததா?

இதில் நான் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிறேன். அப்பா விவகாரத்தை கிஷிமோட்டோ ஒழுங்காகவே கையாண்டிருக்கிறார். பெய்ன் என்ற எதிரியோடு நடக்கும் சண்டையில், நரியின் கோபம் முழுதாக மேலெழும் நொடியில், மகனுக்குள் விட்டுவைத்த தன் சக்தியின் மிச்சத்தால் மினாட்டோ நேரில் தோன்றுகிறார். ‘உன் அப்பா நான்தான்.’ பதினாறு வயது மகன் என்ன செய்கிறான்? வயிற்றில் ஓங்கி ஒரு குத்து. அழுகிறான், திட்டுகிறான், சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை என்கிறான். பெற்ற பிள்ளையின் வயிற்றில் ஏன் நரியை அடைத்தாய் என்று கேட்கிறான். பரம்பரைப் பெருமையெல்லாம் அந்தக் குத்தில் பறந்துவிடுகிறது. எஞ்சுவது, ‘இத்தனை நாள் எங்கே போனாய்?’ என்ற கேள்விதான். தகப்பன் வெளியூரில் வேலை பார்க்க, போட்டோவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது நன்றாகவே தெரிந்த கேள்வி.

மறுபிறவி விவகாரத்துக்கு என்னிடம் சமாதானம் இல்லை. அசுராவும் திறமை இல்லாமல் உழைத்து முன்னேறியவன் என்று ஒட்டுப்போட்டுப் பார்த்திருக்கிறார்கள். தையல் வெளியே தெரிகிறது. நேஜியிடம் சொன்னதை ஆசிரியரே மறந்துவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

அதைவிட வலிப்பது, நேஜியை அதே போரில் கொன்றது. மூத்த கிளையைச் சேர்ந்த ஹினாட்டாவையும் நருட்டோவையும் காக்கக் குறுக்கே நின்று சாகிறான். ‘ஏன் இப்படிச் செய்தாய்?’ என்று நருட்டோ கேட்கிறான். ‘நீ என்னை மேதை என்றாயே’ என்பதுதான் அவன் பதில். நல்ல வசனம், சந்தேகமில்லை. ஆனால் விதியிலிருந்து விடுபட்டவன் என்று நாம் நம்பிய பையன் மறுபடியும் மூத்த கிளைப் பெண்ணுக்காகவே உயிரை விடுகிறான், அவன் தந்தை செய்ததுபோலவே.

அப்படியானால் ராக் லீதானே உண்மையான நாயகன்?

உழைப்பு மட்டுமே தகுதி என்றால், ஆமாம். நிஞ்ஜா வித்தை ஒன்றுகூட வராதவன், கை கால்களை மட்டும் நம்பி வந்தவன். காலில் கட்டியிருந்த எடைகளைக் கழற்றிப் போட்டதும் தரை அதிர்ந்ததே, அந்த ஒரு பக்கம் போதும். ஆனால் லீயின் கதை அவன் தோற்ற இடத்தோடு மெலிந்துவிடுகிறது. பின்பாதியில் ஆசிரியருக்கு அவனிடம் வேலையில்லை.

எதிரிகளைப் பேசியே திருத்திவிடுகிறான் என்ற கேலி நியாயமா?

‘டாக் நோ ஜுட்சு’, அதாவது பேச்சு வித்தை என்று ரசிகர்கள் வைத்த பெயர் பாதி நியாயம். கடைசிப் போரில் அது ஒரு சூத்திரமாகவே ஆகிவிட்டது. எதிரி தன் இளமைத் துயரத்தைச் சொல்வான், நருட்டோ பேசுவான், எதிரி கண்கலங்குவான்.

பெய்னைப் பின்னாலிருந்து ஆட்டுவித்த நாகாட்டோவிடம் பேசியதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அதைப் புரிந்துகொள்ள, கதையில் பல அத்தியாயங்கள் முன்னால் போக வேண்டும். நருட்டோவுக்குப் பாட்டனைப் போல் இருந்த குரு ஜிராயாவை நாகாட்டோ கொன்றுவிட்டான் என்ற செய்தி வருகிறது. நருட்டோ யாரிடமும் பேசாமல் இரவில் ஒரு கடையில் குச்சி ஐஸ் வாங்குகிறான். தெருவோர பெஞ்சில் உட்காருகிறான். வாயில் வைக்கவில்லை. ஐஸ் உருகிச் சொட்டுகிறது, பிறகு கண்ணீரும். இரட்டைக் குச்சி ஐஸை இரண்டாக உடைத்து ஜிராயா அவனுக்குப் பாதி கொடுத்தது முன்பு ஒரு நாள் நடந்தது. ஆறுதல் சொல்ல வந்து நிற்பவர், மறுபடியும் இருகா.

நருட்டோ ரசிகர்கள் நிஞ்ஜா உலகப் போரை மறந்தாலும் அந்த ஐஸை மறப்பதில்லை. சாவு வீட்டில் எல்லாரும் அழும்போது அழாமல் இருந்துவிட்டு, பத்து நாள் கழித்துச் செத்தவரின் செருப்பு மூலையில் கிடப்பதைப் பார்த்து உடைந்துபோகிறோமே, அதுதான் இது.

இந்தப் பையன்தான் நாகாட்டோ எதிரில் போய் நிற்கிறான். ‘உன்னைக் கொல்லத் துடிக்கிறேன், மன்னிக்க முடியவில்லை’ என்றே சொல்கிறான். அவனிடம் பதில் கிடையாது. ஜிராயா இளமையில் எழுதிய நாவல் மட்டும் இருக்கிறது. அந்த நாவலின் நாயகன் பெயரைத்தான் பெற்றோர் இவனுக்கு வைத்தார்கள். நாகாட்டோவும் ஜிராயாவின் மாணவனே. ஒரே வாத்தியாரிடம் படித்த இருவர் அவர் நினைவை வைத்துப் பேசுகிறார்கள். அதை வித்தை என்று கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. (செத்துப்போன ஊர்மக்களை நாகாட்டோ ஒரே நொடியில் உயிர்ப்பித்தது வேறு கதை. அது எளிதான வழி, ஒத்துக்கொள்கிறேன்.)

சாசுகேவை விடாமல் துரத்துவது கொஞ்சம் அதிகமில்லையா?

அதிகம்தான். ஊரைவிட்டு ஓடிய நண்பனுக்காகப் பனியில் மண்டியிட்டு, இன்னொரு ஊர்த் தலைவரிடம் அவன் உயிருக்காகக் கெஞ்சுகிறான். சாசுகே செய்த குற்றத்துக்காக வேறோர் ஊர்ப் பெண்ணிடம் அடிவாங்கி முகம் வீங்கி நிற்கிறான். கிடைக்கும் பதில் அவமானம் மட்டுமே. படிக்கும் நமக்கே எரிச்சல் வருகிறது. ஆனால் இதைவிட மோசமான ஆளுக்காக இதைவிட அதிகமாக இறங்கிப்போன நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். கடைசிச் சண்டையில் நருட்டோவின் வலக்கையும் சாசுகேவின் இடக்கையும் போய்விடுகின்றன. இருவரும் ரத்தத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும்போதுதான் சாசுகே ‘தோற்றேன்’ என்கிறான்.

வெறுப்பே இல்லாத நல்ல பிள்ளையாகிவிட்டானா?

இல்லை. உண்மையின் அருவி என்ற இடத்தில் தியானத்தில் அமரும்போது அவனுடைய இருண்ட உரு நீரிலிருந்து எழுந்து வருகிறது. ‘இன்று உன்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்களே, அன்று எங்கே போனார்கள்?’ என்பது அதன் கேள்விகளின் சாரம். பெய்னை வென்றதும் ஊரே அவனைத் தோளில் தூக்கியதைப் படித்து நாம் நெகிழ்ந்திருந்தோம். நம் நெகிழ்ச்சிக்குள் ஒளிந்திருந்த கசப்பை ஆசிரியர் கண்டுபிடித்து வெளியே இழுத்துவிட்டார். நருட்டோ அந்த உருவத்தோடு மோதிப் பார்க்கிறான், சரிசமமாக நிற்கிறது. கடைசியில் கட்டிப்பிடித்துக்கொள்கிறான். என் கணக்கில் இரண்டாம் பாதியின் மிகச் சிறந்த இடம் இது.

பெண் வாசகர்களுக்கும் இதே நெருக்கம் உண்டா?

நருட்டோவிடம் உண்டு. அவன் உலகத்துப் பெண்களிடம் கிடைப்பது குறைவு. அவன் குழுவில் இருந்த சகுராவுக்கு நல்ல தொடக்கம் இருந்தது, அதை வளர்க்கக் கதைக்குப் பொறுமை இல்லை. இதில் என் அக்காவின் தீர்ப்பு என்னுடையதைவிடக் கடுமையானது, அச்சிட முடியாது.

ஹொகாகே ஆன பிறகு, தகப்பனான பிறகு?

பலருக்கு இங்கே உறவு முறிந்துவிடுகிறது. நேரமில்லாத, கோப்புகளுக்கு நடுவில் தூங்கிவழியும், மகனிடம் பேசத் தெரியாத மனிதன். ‘இவனா எங்கள் நருட்டோ?’ என்று கொதிக்கிறார்கள். எனக்கு அறுந்த நூல் மறுபடி கூடியதே இங்குதான்.

2015இல் வந்த ‘போருட்டோ’ திரைப்படத்தில் மகள் ஹிமாவாரியின் பிறந்தநாள். அப்பா வந்துவிட்டார், கையில் கேக். எல்லாரும் மேசையைச் சுற்றிக் காத்திருக்கிறார்கள். சட்டென்று ஆள் புகையாகி மறைகிறான். கேக் தரையில் விழுந்து சிதைகிறது. வீட்டுக்கு வந்தது அப்பா இல்லை, அவருடைய நிழல் நகல். அலுவலகத்தில் இருந்த அசல் ஆளின் சக்தி தீர்ந்துபோனதும் நகல் கலைந்துவிட்டது.

நூறு பேரின் களைப்பும் ஒருவனிடம் வந்து சேரும் என்றேனே, அந்தக் களைப்புதான் இது. அன்று யாரும் துணையில்லாத பையன் தனக்குத் துணையாக உண்டாக்கிக்கொண்ட நகலைத்தான் இன்று மகளின் பிறந்தநாளுக்கு அனுப்பியிருக்கிறான். தப்பு செய்கிறோம் என்றுகூட அவனுக்கு முதலில் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பிறந்தநாளில் அப்பா கேக் எடுத்துவரும் வீட்டில் அவன் வளரவே இல்லையே. வளராத இடம் ஒன்று அவனுக்குள் அப்படியே இருக்கிறது. உலகத்தைக் காப்பாற்றிய பலத்தால் அதைத் தொடக்கூட முடியவில்லை. சக்தி முழுதும் வந்த பிறகு என்னைவிட்டு எங்கேயோ போய்விட்டிருந்தவன், அந்தக் கேக் விழுந்த சத்தத்தில் திரும்பி வந்தான்.

மகன் போருட்டோ கோபத்தில் அப்பாவின் பழைய, கிழிந்த மேற்சட்டையை ஜன்னல் வழியாக வீசுகிறான். அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. பத்து மணிக்கு வீடு திரும்பி, தூங்கும் பிள்ளைகளின் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் படுக்கும் எவரும் இரண்டு பேருக்காகவும் வருந்துவார்கள்.

வளர்ந்த பிறகும் மாறாதது என்று ஏதாவது உண்டா?

பேச்சின் கடைசியில் ‘தத்தெபயோ’ என்று ஒட்டிக்கொள்ளும் அந்தப் பழக்கம். அதற்கு அர்த்தமெல்லாம் கிடையாது. அம்மா குஷினா ‘தத்தெபானே’ என்பாள், மகன் போருட்டோ ‘தத்தெபாசா’ என்கிறான். அம்மாவைப் பார்க்காமலே வளர்ந்த பிள்ளையிடம் அவள் வாய்ப்பழக்கம் மட்டும் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். நம் வீடுகளிலும் செத்துப்போன தாத்தாவின் இருமலோடு பேரன் இருமுகிறான்.

நரி குராமா செத்த பிறகு அவன் கதி?

தொடர்கதையான ‘போருட்டோ’வில் குராமா தன் உயிரையே எரிபொருளாக்கி அவனைக் காப்பாற்றிவிட்டுப் போய்விடுகிறது. பலம் போனதைவிட, வயிற்றுக்குள் இருந்த பேச்சுத்துணை போனதுதான் பெரிது. அதற்கு மேல் அந்தத் தொடர் மகன் கதை. நான் அரைமனதோடுதான் படிக்கிறேன்.

வயதான பிறகு மறுபடி படித்தால் அதே ஒட்டுதல் இருக்குமா?

ஒட்டும் இடம் மாறும். பதினாலு வயதில் நான் நருட்டோவின் பக்கத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தேன். இப்போது படித்தால் கண் இருகாவிடம் போய் நிற்கிறது. பெற்றோரைக் கொன்ற நரியைச் சுமக்கும் பையனை வகுப்பில் உட்காரவைத்துப் பாடம் நடத்தி, சாயங்காலம் இச்சிராகு கடையில் ராமென் வாங்கிக் கொடுப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்? அன்று அவருக்கே வயது இருபதுகளின் தொடக்கம்தான். பின்னால் நருட்டோ தன் கல்யாணத்துக்கு அவரைத் தன் அப்பாவாக வந்து நிற்கச் சொல்லிக் கேட்கிறான். அது மங்காவை வைத்து எடுத்த அனிமே என்ற கார்ட்டூன் தொடரின் கடைசியில் வருகிறது.

புதிதாக ஒருவருக்குக் கொடுத்தால் எங்கிருந்து தொடங்கச் சொல்வீர்கள்?

மங்காவின் முதல் தொகுதியிலிருந்து. அனிமே மொத்தம் 720 பகுதிகள், முதல் தொடர் 220, அடுத்த தொடரான ‘ஷிப்பூடென்’ 500. இடையிடையே மங்காவில் இல்லாத இட்டுநிரப்பல் நிறைய. வேலைவெட்டி உள்ளவர்களுக்குப் புத்தகமே நல்லது.

அக்கா மகனுக்குப் பதிமூன்று வயது. அவனுக்கு அப்படித்தான் கொடுத்தேன். இப்போது 28ஆம் தொகுதியில் இருக்கிறான். பயிற்சி முடித்த நருட்டோ ஜிராயாவோடு ஊர் திரும்பும் இடம். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டான்: “மாமா, நருட்டோவுடைய அப்பா யார் என்று எப்போதாவது சொல்வார்களா?”

“ரசம் ஆறுகிறது, சாப்பிடு” என்றேன்.